12 மீட்டர் ஆழமும் 11-ம் பக்கமும்!

‘அந்தமானுக்கு ஃப்ளைட்ல போறவன் டூரிஸ்ட். கப்பல்ல போறவன் வட சென்னைக்காரன்!’

இதுதான் எங்க செட்டோட பன்ச். காசு இல்லைங்கிறதைக் கொஞ்சம் கெத்தா சொல்லிக்கிட்டோம், அவ்வளவுதான். நான் திருவொற்றியூர், தேரடிக்குப் பின்னாடி வீடு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கூட வந்தது மூணு பேர். அதுல ஒருத்தன், ‘என் பேரைப் போட்டே, கொன்னுடுவேன்’னு மிரட்டியிருக்கான். அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவன் பேர் ‘காது’. ஏன்னு போகப் போகத் தெரியும்.

போன பிப்ரவரியில ஒரு காலை. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி மண்ணடியில இறங்கி, முதுகுல மூட்டையோட ராஜாஜி சாலைக்கு நடந்தோம். இந்த மெட்ரோ எங்க பக்கம் வந்ததே 2021-லதான். அதுக்கு முன்னாடி எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல பஸ்ல போய்ச் சேரணும். ‘ஹார்பர்ல கப்பல் கிளம்பிடுச்சு, நம்ம பஸ் இன்னும் டோல்கேட்ல நிக்குது’ன்னு ஜோக் அடிப்பாங்க.

துறைமுகத்துக்குள்ள போறதே ஒரு த்ரில் மக்களே! இருபது வருஷமா வெளியில இருந்து கிரேன் தலையை மட்டும் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. 1881-ல் ஆரம்பிச்ச துறைமுகம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியோட எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டது இங்கேதான். எண்ணெய்த் தொட்டிகள் பத்தி எரிஞ்சுது. வாலு பசங்களை இன்னிக்கும் ‘எம்டன்’னு திட்டுறோமே, அதே எம்டன். (அதே மாதிரி எவனாவது இன்னிக்கு வந்து குண்டு போட்டா, நம்ம டிராவல் இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும். போர்னா பணம் கிடையாதுன்னு எல்லா பாலிசியிலும் ஒரு வரி இருக்கும். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது.)

சின்ன டக் படகு இழுத்துக்கிட்டுப் போக, கப்பல் மெதுவா வெளியே வந்துச்சு. மேல் தளத்துல நின்னு நாங்க பார்த்தது எங்க ஊரைத்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல நெருக்கியடிச்சு நிக்கிற லாஞ்சுகள், தூரத்துல வட சென்னை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கரையில நின்னா அழுக்கா தெரியற ஊரு, கடல்ல இருந்து பார்த்தா அவ்வளவு அழகு. ‘டேய், நம்ம ஏரியாடா’ன்னு காது கத்தினான். அப்ப அவனுக்கு ரெண்டு காதும் நல்லா கேட்டுச்சு.

சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய மூணு நாள். பங்க் கிளாஸ்ல குளிரும் கும்மாளமும். அங்கேதான் அவனுக்குச் சளி பிடிச்சது.

இன்ஷூரன்ஸ் எடுத்துட்டுத்தான் போனோம். வீட்ல ‘கடலுக்கு அடியில போறோம்’னு சொன்னதும் அம்மா கண்ணைக் கசக்க, ‘பாலிசி போட்டிருக்கேம்மா’ன்னு போனை நீட்டினேன். ஆளுக்கு நூத்திச் சொச்சம் ரூபாய். 23 பக்க பி.டி.எஃப். நாங்க படிச்சது முதல் பக்கம் மட்டும். அதுல ஒரு குடும்பம் சிரிச்சுக்கிட்டே பீச்ல ஓடுற மாதிரி படம். படத்துல கடல் இருக்கு, அப்புறமென்ன!

ஹேவ்லாக் தீவுக்கு 2018-ல் இருந்து ஸ்வராஜ் த்வீப்னு பேர். தண்ணி நீலமா பச்சையான்னு பட்டிமன்றமே வைக்கலாம். நாங்க போனது, சர்ட்டிஃபிகேட் இல்லாதவங்களுக்கான அறிமுக டைவ். பயிற்சியாளர் நம்மைப் பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவார். இந்த மாதிரி டைவ்ல அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான். முன்னாடி ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தாங்க. ஆஸ்துமா உண்டா, காதுல ஆபரேஷன் ஆச்சா, சளி, சைனஸ் இருக்கா? செமஸ்டர் ஃபார்ம் நிரப்புற ஸ்பீடுல, எல்லாத்துக்கும் ‘இல்லை’ டிக். மூக்கு ஒழுகிக்கிட்டே டிக்!

அடுத்து நடந்தது நாலு மீட்டர்ல. காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி வலி. கையை ஆட்டி ‘பிரச்னை’ன்னு காட்டச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. இவன் காட்டலை. பக்கத்துல நாங்க ரெண்டு பேர் ஜாலியா மீன் பார்த்துக்கிட்டிருந்தோம், கெத்து போயிடுமாம். பட்டுனு ஏதோ வெடிச்ச மாதிரி இருந்துச்சாம், தலை சுத்திச்சாம். பயிற்சியாளர் கவனிச்சு மேலே கூட்டிட்டு வந்தார். மாஸ்க்கைக் கழட்டினா மூக்கோரம் ரத்தம்.

நாலு மீட்டர்லயே இப்படியான்னு கேட்டா, ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான் பதில். தண்ணியில 10 மீட்டர் இறங்கினா காத்தழுத்தம் இரு மடங்கு. 10-ல் இருந்து 20 போனா ஒன்றரை மடங்குதான் ஏறும். அதாவது மேல் பக்கத்துலதான் மாற்றம் அதிகம். காதுக்குள்ள இருக்கிற காத்து சுருங்கும். மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதி அதைச் சமன் பண்ணணும். சளி இருந்தா அந்தச் சின்னக் குழாய் அடைச்சுக்கும். செவிப்பறை உள்ளே இழுத்து இழுத்து, கிழிஞ்சிடும்.

போர்ட் பிளேர்ல (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆச்சு) காது டாக்டர், ஸ்கோப், மருந்து எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். செவிப்பறையில ஓட்டை, தானா ஆறிடும், தண்ணி படக் கூடாதுன்னாங்க. பில்லை பத்திரமா மடிச்சு வெச்சான். ‘பாலிசி இருக்குடா!’

மூணு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு. ஒரே பத்தி. ‘சாகச விளையாட்டுகளில் ஈடுபடுவதால் ஏற்படும் காயங்களுக்கு இந்த பாலிசி பொருந்தாது. பார்க்க: பக்கம் 11.’

பார்த்தோம். 11-ம் பக்கத்துல, பொடி எழுத்துல, பாராகிளைடிங்குக்கும் மலையேற்றத்துக்கும் நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சு ‘ஸ்கூபா டைவிங்’. கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை பாஸ். எழுதித்தான் கொடுத்திருக்காங்க. நாங்கதான் பீச்ல ஓடுற குடும்பத்தைப் பார்த்து ஏமாந்தோம்.

விட்டானா அவன்? அவங்கப்பாகிட்ட குடும்ப மெடிக்ளெய்ம் இருக்கு. அதைத் தோண்டினோம். இங்கே ஒரு ஆச்சரியம்! ஹெல்த் பாலிசிகள்ல விலக்குகளுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொதுவான வாசகம் வெச்சிருக்கு. அதுல ஒன்பதாவது, சாகச விளையாட்டு பத்தினது. ஸ்கூபா டைவிங், ஆழ்கடல் டைவிங்னு பேர் சொல்லியே இருக்கு. ஆனா கூடவே ஒரு வார்த்தை: ‘தொழில்முறையாக’ ஈடுபட்டால். அப்படின்னா ஜாலிக்குப் போற காலேஜ் பையனை அந்த விலக்கு தொடாது! துள்ளிக் குதிச்சோம். அடுத்த பக்கம் திருப்பினா, ஆஸ்பத்திரியில 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்கணும். நம்ம ஆள் ஓ.பி.-ல பார்த்துட்டு, வெளியில வந்து டீ குடிச்சவன். அதுவும் போச்சு.

6,850 ரூபாய்ங்கிறது பெரிசில்லைதான். ரெண்டு பேர் ட்யூஷன் எடுத்துச் சம்பாதிச்சிடலாம். எனக்குத் தூக்கம் போனது வேற கணக்குல. நாலு மீட்டர் காதுக்குப் பதிலா, நிஜமான டைவிங் நோய் வந்திருந்தா?

ஆழத்துல சுவாசிக்கிறப்ப நைட்ரஜன் ரத்தத்துல கரையும். சடார்னு மேலே வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளியேறும். மூட்டு வலியில இருந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம். சிவில் பசங்க கவனிக்க: இந்த நோயை அந்தக் காலத்துல அதிகமா அனுபவிச்சது பாலம் கட்டினவங்க. நியூயார்க் புரூக்ளின் பாலத்துக்கு ஆத்துக்கு அடியில அழுத்தக் காத்து அடைச்ச பெட்டிக்குள்ள இறங்கி வேலை பார்த்தாங்க. சீஃப் இன்ஜினீயர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-ல் இதுலதான் படுத்தார். மிச்ச வேலையை அவர் மனைவி எமிலி மூலமாத்தான் நடத்தினார்.

இதுக்கு வைத்தியம் மாத்திரை இல்லை, ஒரு இரும்பு அறை. உள்ளே படுக்க வெச்சு, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் ஏத்தி, சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்து, மெதுவா இறக்கணும். வழக்கமான சிகிச்சை முறைக்கு நாலே முக்கால் மணி நேரம் ஆகும். அந்தமான்ல இந்த அறை இருக்கிறது போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனை ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரியில. ஹேவ்லாக்ல இருந்து கடலைத் தாண்டித்தான் அங்கே போகணும். அந்தப் படகுச் செலவு, ஹெலிகாப்டர் செலவு யாருது? பெரும்பாலான பாலிசிகள்ல, அவங்க உதவி மையத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணி ஒப்புதல் வாங்கியிருந்தாத்தான் அவங்களுது. நாலே முக்கால் மணி நேர சிகிச்சை, 24 மணி நேர விதிக்குள்ள எப்படி உக்காரும்? பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்கணும். போன்ல பேசுற அக்கா ‘எல்லாமே கவர் ஆகும் சார்’னுதான் சொல்லுவாங்க. பாவம், அவங்களும் 11-ம் பக்கம் படிச்சிருக்க மாட்டாங்க.

டைவிங்கைச் சேர்த்துக்கிற பாலிசிகளும் இருக்கு. ஆனா அங்கேயும் கடல் ஒரு லிஃப்ட் மாதிரிதான், குறிப்பிட்ட மாடி வரைக்கும்தான் போகும். பல பாலிசிகள்ல 30 மீட்டர். இல்லைன்னா உங்க சர்ட்டிஃபிகேட் எவ்வளவு ஆழம் சொல்லுதோ அவ்வளவு: முதல் கட்ட ஓப்பன் வாட்டர்னா 18, அட்வான்ஸ்டுனா 30. தனியா இறங்கினா கிடையாது, தண்ணி அடிச்சிட்டு தண்ணிக்குள்ள போனா கிடையாது, படிவத்துல பொய் டிக் அடிச்சிருந்தாலும் வம்புதான். காது கவனிக்கவும்!

இன்னொரு விஷயம், இது எங்க பன்ச்சுக்கு கிடைச்ச போனஸ். டைவ் பண்ணின உடனே ஃப்ளைட் ஏறக் கூடாது. மேலே போகப் போக விமானத்துக்குள்ள அழுத்தம் குறையும், கரைஞ்சிருக்கிற நைட்ரஜன் குமிழாகிடும். ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல நாள் பல டைவ்னா 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுது டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க். 24 விட்டா இன்னும் நல்லது. கப்பல்ல மூணு நாள் ஆடிக்கிட்டு வர்றவனுக்கு இந்தக் கவலையே இல்லை. ஏழைக்கு ஏத்த நைட்ரஜன்!

இவ்வளவும் படிச்சு முடிச்ச ஞாயித்துக்கிழமை, மேதாவி மாதிரி காசிமேட்டுக்குப் போனேன். சித்தப்பாவைப் பார்க்க.

விடியக்காலை காசிமேட்டைப் பார்க்காதவன் சென்னையைப் பார்க்காதவன். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக் குரல், வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுற தாம்பரத்து மாமாக்கள், காலுக்குக் கீழே வெள்ளியா மீன் செதில். சித்தப்பா முப்பது வருஷமா லாஞ்சுல போறவர். அவர்கிட்ட எப்பவும் வலது பக்கம் நின்னுதான் பேசணும். இடது பக்கம் நின்னா கேட்காது. சின்ன வயசுல இருந்து அப்படித்தான், நான் ஏன்னு கேட்டதே இல்லை. அன்னிக்குத்தான் கேட்டேன்.

“அதுவா... வலை சுத்திக்கினா குதிப்போம்ல, அப்ப பூடுச்சு.”

“எங்க குதிப்பீங்க?”

“இன்னா கண்ணு கேக்குற? நடுக்கடல்ல புரொப்பல்லர்ல வலை சுத்திக்கினா மெக்கானிக்குக்குப் போன் போடுவியா? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கத்தி எடுத்துக்கினு எவனாவது ஒருத்தன் அடியில போவணும். நான் போவேன். மச்சான் கவுத்தைப் பிடிச்சிக்குவான்.”

முத்துக்குளிக்கிறவங்க கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பாங்க, தங்கச்சி தாலிக்காகவாவது விட மாட்டான்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ் அதுதான் போல. பொடி எழுத்து கிடையாது, 24 மணி நேர விதி கிடையாது.

மாஸ்க் இல்லை, டேங்க் இல்லை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அலையில ஏறி இறங்குற லாஞ்சுக்கு அடியில. துறைமுகத்துக்குள்ளயும் இறங்குவாராம். அங்கே தண்ணி டீசல் கலர். “கையே கண்ணு, தடவித் தடவித்தான் அறுக்கணும்” என்றார். எவ்வளவு ஆழம்னு கேட்டேன். ரெண்டு மூணு மீட்டர்தான். காதுக்கு அது போதும்னு நம்ம ஆள் நிரூபிச்சிட்டானே. வலிச்சா இறங்காம இருக்க முடியாது. இறங்காட்டி அந்த ட்ரிப்பே நஷ்டம்.

“டாக்டர்கிட்ட போகலையா?”

“ரத்தம் வந்துச்சு. எண்ணெய் காய்ச்சி ஊத்துனேன். அப்புறம் அதுவா நின்னுது.” எண்ணெய் ஊத்தவே கூடாதுன்னு போர்ட் பிளேர் டாக்டர் அடிச்சுச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. சொல்லலை. இருபது வருஷம் லேட்.

சித்தப்பாவே ஒரு ஆளைக் கை காட்டினார். எண்ணூர்ல ஒரு அண்ணன், கப்பல்களுக்கு அடியில இறங்கி வேலை பார்க்கிற டைவர். அன்னிக்கு மத்தியானமே வண்டியை விட்டேன். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டின கருங்கல், இன்னொரு பக்கம் லாரி வரிசை. எர்ணாவூர் கடற்கரையைத் தாண்டறப்ப எப்பவும் ஒரு நிமிஷம் நிப்பேன். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் இங்கேதான் கறுப்பு அல்வா மாதிரி ஒதுங்குச்சு. அதை பக்கெட்டால அள்ளினாங்க. அப்ப நான் ஸ்கூல் பையன். கப்பல் ரெண்டுக்கும் இன்ஷூரன்ஸ் இருந்திருக்கும். அள்ளின கைகளுக்கு என்ன பாலிசின்னு அப்ப எனக்குத் தோணலை.

அண்ணன் முகத்துவாரம் பக்கம் டீக்கடையில சிக்கினார். முறைப்படி படிச்சவர். கப்பல் அடிப்பாகத்துல ஒட்டியிருக்கிற சிப்பி சுரண்டறது, படம் எடுக்கறது, வெல்டிங்னு வேலை. என் 30 மீட்டர் கதையைக் கேட்டுச் சிரிச்சார்.

“தம்பி, நீ சொல்ற பாலிசி எல்லாம் காசு கொடுத்து இறங்குறவனுக்கு. காசு வாங்கிக்கிட்டு இறங்குறவனுக்கு அது கிடையாது. பொழுதுபோக்கு டைவிங்னு போட்டிருப்பான் பாரு.”

பார்த்தேன். போட்டிருந்தான். அதே ஹெல்த் பாலிசி வாசகமும் ஞாபகம் வந்துச்சு. ‘தொழில்முறையாக’. எங்களைக் காப்பாத்த இருந்த அதே வார்த்தை இவரை வெளியே தள்ளப் பார்க்குது. “நான் பண்றது விளையாட்டா தம்பி? அப்ப அந்த விலக்கு எனக்குப் பொருந்தாதுன்னு நான் வாதாடலாம். ஆனா ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு யார் வாதாடறது?” என்றார். வேலையில அடிபட்டா சட்டப்படி முதலாளி பொறுப்பு. “நல்ல கான்ட்ராக்டர்னா பாலிசி போட்டிருப்பாரு. நான் முதல்ல கேக்கறது சம்பளம் இல்லை, அந்த பாலிசி காப்பி.” இருபது வயசுல எங்களுக்கு இந்தப் புத்தி இல்லையேன்னு இருந்துச்சு.

மீனவர்களுக்கு வேற ஒண்ணு இருக்குன்னும் அவர்தான் சொன்னார். மத்திய அரசோட மத்ஸ்ய சம்பதா திட்டத்துல குழு விபத்துக் காப்பீடு. 18-ல் இருந்து 70 வயசு வரைக்கும். விபத்துல உயிர் போனாலோ, நிரந்தரமா முழு ஊனமானாலோ 5 லட்சம். நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. பிரீமியம் அரசாங்கமே கட்டிடும். மீனவர் கையில இருந்து ஒரு பைசா வேண்டாம்.

சாயங்காலம் திரும்பவும் காசிமேடு. சித்தப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னா, “சங்கத்துல எழுதிக் குடுத்தமே, அதான?” என்று இரும்புப் பெட்டியைத் திறந்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், லாஞ்சு ரசீது, ஆயா போட்டோ, அதுக்கு நடுவுல நாலா மடிச்ச படிவ நகல். 

“சித்தப்பா, உங்க காதுக்கு இதுல கேக்கலாமா?”

கேட்டுட்டு நானே யோசிச்சேன். விபத்துன்னா தேதி வேணும், சாட்சி வேணும், டாக்டர் சீட்டு வேணும். பாலிசி பாஷையில விபத்துன்னா திடீர்னு, எதிர்பாராம, வெளியில இருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியற அடி. கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு வலையா, முப்பது வருஷத்துல போன காதுக்கு எந்தத் தேதி போடறது? அதுவும் இந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடியே போனது. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். “வுடு கண்ணு. ஒண்ணு கீதுல்ல” என்று வலது காதைத் தட்டிக் காட்டினார்.

படிவத்தோட கடைசி வரியைப் பார்த்தேன். வாரிசுதாரர்: ஆயா பேர். ஆயா செத்து ஆறு வருஷம் ஆகுது.

“இது இன்னும் மாத்தலையா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா சித்தி ஆபீஸ் ஆபீஸா அலையணும்.”

“அதை யாரு படிச்சா?”

அதானே. நாங்களே 23 பக்கத்துல ஒரு பக்கம்தான் படிச்சோம்.

வெளியில இருந்து யாரோ கூப்பிட்டாங்க. கரையில நின்ன ஒரு லாஞ்சுல கயிறு சுத்திக்கிச்சாம், ராத்திரியே கிளம்பணுமாம். சித்தப்பா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எழுந்தார். சளி இருக்கான்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். மச்சான் கயிறோட முன்னாடி போனார். நான் படிவத்தை எடுத்துக்கிட்டு, சித்தியோட ஆதார் கார்டையும் கேட்டு வாங்கி, சங்கத்து ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு விசாரிச்சேன். பத்து மணிக்காம்.